தளும்பும் வரை

கண்ணாடித் தம்ளரில்
விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் பிடிக்கிறேன்.
குசினியிலிருந்து வாசல் வரை
பதினொரு எட்டு.
விடிய நாலே முக்கால்.
வீட்டில் ஒருவருக்கும் தெரியாத பரீட்சை.
தளும்பவில்லை.
குடித்துவிட்டு வேலைக்கு வெளிக்கிடுகிறேன்.

டூங்காபி ஸ்டேஷனில் பல்லுக் கிட்டுகிறது.
ஜூலையில் குளிரும் என்பதை
முப்பத்தொரு வருஷமாகியும்
உடம்பு நம்பவில்லை.
பிளாட்பாரத்தில் அதே ஆட்கள்:
சீமெந்து காய்ந்த பூட்ஸோடு ஒரு பையன்,
நின்றபடி நித்திரை கொள்ளத் தெரிந்த நர்ஸ்,
அறுபத்தெட்டு வயதில் நான்.

பிளாக்டவுனில் ரத்தம் எடுக்கிற வேலை.
சட்டையில் குத்திய அட்டையில்
மங்கையர்க்கரசி அடங்காது என்று
மங்கையோடு நிறுத்திவிட்டார்கள்.
வருகிறவர்கள் கையை நீட்டிவிட்டு
முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்கள்.
ஆகவே முகங்கள் எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை.
முழங்கை மடிப்புகளைச் சொல்லுங்கள்,
ஆளைச் சொல்கிறேன்.

நரம்பைக் கண்ணால் தேடக் கூடாது.
நடுவிரல் நுனியை வைத்துவிட்டு
பேச்சுக் கொடுக்க வேண்டும்.
பிள்ளைகள் எத்தனை, காரை எங்கே விட்டீர்கள்,
ஒன்றும் சாப்பிடாமல்தானே வந்தீர்கள்.
தோலுக்கடியில் ஏதோ ஒன்று
மெல்ல எழும்பிக் கொடுக்கும்.
அவ்வளவுதான்.
அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை,
நானும் யாருக்கும் சொல்லி விளங்கப்படுத்தியதில்லை.

பென்ஷன் வயசு போன வருஷமே வந்து போய்விட்டது.
அலுவலகத்துக் கெய்ட்லின் சிரித்தபடி
ஒரு படிவம் தந்தாள்.
கடைசி நாள் எதுவென்று எழுத
வெறுங்கோடு ஒன்று.
ரயிலில் பேனையை எடுத்துப்
பின்பக்கத்தில் எழுதினேன்:
கறிவேப்பிலை, ரெண்டு பல்ப்,
அவருக்கு இருமல் மருந்து.

குகதாசன் நின்று மூன்று வருஷம்.
ஓய்வு அவருக்கு அளவெடுத்துத் தைத்த சேர்ட்.
பின்வளவில் மிளகாய்க் கன்று,
மூன்று நாட்டுக்கு டெலிபோன்,
மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம்.
எனக்கு அதே சேர்ட் தோளில் இறுக்குகிறது.
வீட்டுக் கடனும் கட்டி முடிஞ்சுதே,
இன்னும் ஏனப்பா ஓடுறாய் என்கிறார்.
மகள் ஆரணி கப்பல் பயணப் படங்களாக அனுப்புகிறாள்,
பத்து நாள், எல்லாச் சாப்பாடும் சேர்த்து.
கப்பலில் இருந்து எதைப் பார்ப்பது?
கடலை ஒருமுறை
போதிய அளவு பார்த்திருக்கிறேன்.

சேவை என்று சொன்னால் பொய்.
காசும்தான்; காசு மட்டுமில்லை.
லீவு நாளில் காலை பத்து மணிக்கே
இரவுக் கறியையும் வைத்து இறக்கிவிட்டு
மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றிருக்கிறேன்.
இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல வெட்கம்:
இரண்டு பேர் குத்தித் தோற்ற கை ஒன்று
பக்கத்து அறையில் நீலமாகிக் கிடக்கும்போது
மங்கையைக் கூப்பிடு என்று கேட்குமே ஒரு குரல்,
அதற்காக நான்
டூங்காபிக்கு நடந்தே வருவேன்.

கோவாச் கிழவருக்கு மருந்து ஏற்றி ஏற்றி
நரம்பெல்லாம் உள்ளே ஒளித்துவிட்டது.
போன மாதம் நான் லீவு.
வந்தவர் கையைக் காட்டாமலே திரும்பிவிட்டாராம்.
இந்த மாதம் பத்து நிமிஷம் தடவி
புறங்கையில் ஒன்றைப் பிடித்தேன்.
குழாய் நிறையும் மட்டும் பேசாமலிருந்தவர்,
பஞ்சை அமத்திக்கொண்டு கேட்டார்:
எப்போது நிற்கிறாய்?
நீங்கள் எப்போது, என்றேன்.
சிரித்ததில் பஞ்சு கீழே விழுந்தது.

செவ்வாய்க்கிழமை தளும்பியது.
ஒன்பதாம் எட்டில்
பெருவிரலில் ஒரு துளி.
கார்ப்பெட் ஓரம் சுருண்டிருக்கிறதா என்று பார்த்தேன்.
கொஞ்சம் சுருண்டுதான் இருந்தது.
காலால் நீவிவிட்டு
திரும்பிப் போய் நிரப்பினேன்,
இந்தமுறை இரண்டு கையாலும் பிடித்து.
பிறகு ஒரு கையை எடுத்துவிட்டேன்.

அறைக்கதவு திறந்து லைட் விழுந்தது.
இருட்டுக்குள் என்ன செய்யிறாய் என்றார்.
தண்ணி.
தாகமோ?
ஓம் என்றேன்.
முழுவதையும் அவருக்கு முன்னாலேயே குடித்தேன்.
ஐந்து இருபது ரயிலுக்கு
இன்னும் நேரமிருந்தது.